பிரசங்க பீடமும் அரசியலும்: ஒரு கேள்வியும் சில திருத்தங்களும்

ஜனவரி 12 (வாசகர் ஒருவரின் கேள்வி)

இன்று காலை எங்கள் ஆயர் ஆமோஸ் தீர்க்கதரிசன நூலின் 5-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பிரசங்கித்தார். பாதிக்கு மேல் கூலி, நிலம், வழக்கு என்றே போனது. ஆராதனை முடிந்ததும் இரண்டு குடும்பங்கள் ஆயருக்குக் கைகொடுக்காமல் வெளியேறின. நானும் அவர்கள் பக்கமே. வாரம் முழுவதும் செய்தித்தாளில் படிப்பதை மறுபடியும் கேட்பதற்காக யாரும் ஆலயத்துக்கு வருவதில்லை. "என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல" என்று ஆண்டவரே சொல்லியிருக்கும்போது, சபைக்குள் அரசியலைக் கொண்டுவருவது தவறில்லையா?

ஜனவரி 12, இரவு

அந்த வசனம் எங்கே, யாரிடம் சொல்லப்பட்டது என்பதிலிருந்து தொடங்குகிறேன். தன்னை அரசன் என்று சொல்லிக்கொண்டான் என்ற குற்றச்சாட்டின் பேரில் ரோம ஆளுநர் பிலாத்து நடத்திய விசாரணையில் இயேசு அளித்த மறுமொழி அது. அதே வசனத்தின் பிற்பகுதியை மேற்கோள் காட்டுகிறவர்கள் குறைவு: தம்முடைய அரசு இவ்வுலகத்துக்குரியதாக இருந்திருந்தால், தாம் பிடிபடாதபடி தம் ஊழியக்காரர் போராடியிருப்பார்கள் என்கிறார் அவர். வாளை நம்பி வரும் அரசு தம்முடையது அன்று என்பதே அங்கே பேச்சு. கூலியையும் வழக்கையும் பற்றி அந்த அரசுக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை என்று அதிலிருந்து எப்படிப் பெறுவது? பிலாத்துவுக்கு எது புரிந்ததோ தெரியாது. சிலுவையின் மேல் "யூதருடைய ராஜா" என்று எபிரெயு, கிரேக்கு, லத்தீன் ஆகிய மூன்று மொழிகளில் எழுதிவைக்க மட்டும் அவன் மறக்கவில்லை. அரசியலோடு தொடர்பே இல்லாத ஒருவருக்கு மூன்று மொழிகளில் பலகை தேவைப்பட்டிருக்காது.

ஜனவரி 13

நேற்று எழுதியதைக் காலையில் படித்தபோது, வாக்குவாதத்தில் வெல்லும் ஆசை அதில் தெரிந்தது. கேட்டவருடைய களைப்பை நான் கவனிக்கவில்லை. செய்தித்தாளைச் சத்தமாக வாசிப்பதைப் போன்ற பிரசங்கங்களை நானும் கேட்டிருக்கிறேன். அவற்றுக்குத் திருமறை தேவைப்படவில்லை, மேற்கோளுக்காக ஒரு வசனம் இருந்தாலே போதும். அவற்றின் மீதான சலிப்பு நியாயமானது.

ஆனால் சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். "சபைக்குள் அரசியல் நுழைந்துவிட்டது" என்று நம் மக்கள் சொல்லும்போது பெரும்பாலும் இரண்டு பொருளில் ஒன்றைக் குறிக்கிறார்கள். ஒன்று, கமிட்டித் தேர்தல், அணி சேர்ப்பு, யாருடைய ஆள் பொருளாளர் என்ற கணக்கு. மற்றொன்று, ஊர் எப்படி ஆளப்படுகிறது, யாருக்கு எது மறுக்கப்படுகிறது என்ற பேச்சு. முதலாவது வகையில் இரவு பகலாக உழைப்பவர்களே இரண்டாவது வகையைக் கேட்டதும் "ஆலயத்தில் அரசியலா?" என்று அதிர்ச்சியடைவதை நான் இருபது ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். வாக்காளர் பட்டியலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆமோஸைக் கண்டிக்கிற அந்தத் துணிவு எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

ஜனவரி 15

ஆமோஸைப் பற்றி ஒரு வார்த்தை, அவர் பெயரால்தானே இந்தச் சண்டை தொடங்கியது. தெக்கோவா ஊரைச் சேர்ந்த அவர் ஆடு மாடு மேய்த்தவர், காட்டத்திப் பழங்களைப் பொறுக்கியவர். தீர்க்கதரிசிக் கூட்டத்தில் பயிற்சி பெற்றவர் அல்லர். இரண்டாம் யெரொபெயாம் ஆண்ட காலத்தில் வடநாட்டுக்குப் போய்ப் பெத்தேலில் பேசினார். அங்கிருந்த ஆசாரியன் அமத்சியா அவருடைய செய்தி பொய் என்று ஓரிடத்திலும் வாதிடவில்லை. இது அரசனுடைய பரிசுத்த ஸ்தலம், இங்கே பேசாதே, யூதாவுக்குப் போய் அங்கே பிழைத்துக்கொள் என்றுதான் சொன்னான் (7-ஆம் அதிகாரம்). "இது இடமல்ல" என்ற வாதத்துக்குத் திருமறையிலேயே ஒரு முன்னோடி இருக்கிறான். அவன் பக்கம் நிற்கிறோமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

மொழிபற்றியும் ஒன்று. ஆமோஸ் 5:24-இல் நியாயமும் நீதியும் தண்ணீராகவும் வற்றாத நதியாகவும் வரவேண்டும் என்று நம் மொழிபெயர்ப்பு சொல்கிறது. மலைப்பிரசங்கத்திலும் "நீதியின்மேல் பசிதாகம்" என்று அதே "நீதி"தான் வருகிறது. ஒருவனுடைய நேர்மைக்கும் ஊரில் நடக்கும் வழக்கின் முடிவுக்கும் இரண்டு தனிச் சொற்களை வைத்திருக்கும் மொழிகளில், ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியும். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். இவ்வளவு வசதியான ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டும், "நீதிமான்" என்றால் புகைக்காதவர், குடிக்காதவர், உபவாசம் தவறாதவர் என்ற அளவுக்கு நாம் அதைச் சுருக்கிவைத்திருக்கிறோம்.

ஜனவரி 19

இன்று ஆலயத்தில் மன்றாட்டு நடக்கும்போது, பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த ஒரு காரியம் நினைவுக்கு வந்தது. அதை இங்கே எழுதாமல் மற்றவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருப்பது முறையாகாது.

அப்போது வாராந்தர மன்றாட்டுகளைத் தொகுக்கும் பொறுப்பு என்னுடையது. சபையார் எழுதித் தரும் விண்ணப்பங்களை வாங்கி, ஒழுங்குபடுத்தி, ஒரே நடையில் எழுதி, சனிக்கிழமை மாலைக்குள் வாசிப்பவரிடம் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் ஓர் இளைஞர் கொண்டுவந்த தாளில், "காரணமின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்ட முப்பது தொழிலாளருக்காகவும், அவர்களை நீக்கியவர்கள் மனந்திரும்பவும் மன்றாடுவோம்" என்றிருந்தது. அவர்களை நீக்கியவர் எங்கள் சபையில் முன்வரிசையில் உட்காருபவர். ஆலயக் கூரைக்குக் கொடுத்தவர், பெருமை பேசாதவர், என் தாயார் நோயுற்றிருந்தபோது இரண்டு முறை வந்து பார்த்தவர். நான் அந்த வரியை "வேலையின்றி வாடுவோருக்காக" என்று மாற்றினேன். சுருக்கம் கருதி மாற்றியதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இலக்கணம் படித்தவனுக்கு இந்தத் தப்பை மறைக்க வழியில்லை. "நீக்கப்பட்டோர்" என்பது செயப்பாட்டுவினை. எழுவாயை அது மறைத்தாலும் அழித்துவிடாது, "யாரால்?" என்ற கேள்வி அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வரும். "வாடுவோர்" என்று எழுதியதும் அந்தக் கேள்வி போய்விட்டது. மழை பெய்யாமல் வாடும் பயிரைப் போல அந்த முப்பது பேரும் வாடிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். சபையார் எல்லாரும் "ஆண்டவரே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்" என்றார்கள். முன்வரிசையில் இருந்தவரும் சொன்னார். அந்த இளைஞர் மட்டும் சொல்லவில்லை. அவர் உதடுகளை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதே, நான் செய்தது இன்னதென்று எனக்குத் தெரிந்திருந்தது என்பதற்குச் சாட்சி.

அதற்குப் பிறகு அவர் எங்கள் சபைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். நீதியைப் பற்றிப் பேசினால் இரண்டு குடும்பங்கள் போய்விடும் என்று கேள்வி கேட்டவர் கவலைப்படுகிறார். பேசாமல் இருந்ததனால் போனவர்களை யாரும் எண்ணுவதில்லை, அவர்கள் வாசலில் யாருக்கும் கைகொடுக்க மறுத்துவிட்டுப் போவதில்லை.

ஜனவரி 20

"நீக்கியவர்கள் மனந்திரும்பவும்" என்பது மன்றாட்டா, பொதுவெளியில் ஒருவரைக் குத்திக்காட்டுவதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. ஜெபத்தைச் சாக்காக வைத்துப் பக்கத்து இருக்கைக்காரருக்குச் செய்தி அனுப்பும் கலை நமக்கு நன்றாகவே வரும். அந்த வரியின் பின்பாதியை எடுத்துவிட்டு, முன்பாதியை அப்படியே விட்டிருக்கலாம். முதலில் அந்த முன்வரிசைக்காரரைத் தனியாகச் சந்தித்துப் பேசியிருக்கலாம். மத்தேயு 18 சொல்வதும் அந்த வரிசையைத்தான். மூன்றாவது வழியாக, அந்த இளைஞரிடமே கேட்டிருக்கலாம். மூன்றில் ஒன்றையும் நான் செய்யவில்லை. பேனா கையில் இருந்தவன் நான் என்பதால் அடித்தேன்.

ஜனவரி 26

இன்றைய பாடம் அப்போஸ்தலர் 6. சபையில் எழுந்ததாகப் பதிவாகியிருக்கும் முதல் முறுமுறுப்புகளில் ஒன்று பந்தி விசாரணை பற்றியது என்பதை நாம் போதிய அளவு யோசிப்பதில்லை. கிரேக்கம் பேசும் யூதரின் விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் விடப்பட்டார்கள். எபிரெயரின் விதவைகளுக்கு அந்தக் குறை இல்லை. ஒரு மொழியாருக்குக் கிடைத்தது மற்ற மொழியாருக்குக் கிடைக்கவில்லை என்றால், அதை இன்று நாம் எந்தப் பெயரால் அழைப்போம்?

அப்போஸ்தலர்கள் அதற்குச் செய்ததுதான் கவனிக்கத்தக்கது. "முறுமுறுப்பது பாவம்" என்று அவர்கள் பிரசங்கிக்கவில்லை. சபையைக் கூட்டி ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் செய்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். அதாவது, குறை சொன்ன தரப்பினரின் கையிலேயே பொறுப்பு முழுவதையும் கொடுத்துவிட்டார்கள். எந்தக் கமிட்டியாவது இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. குறை சொன்னவரையும் சேர்த்துக்கொண்டு ஐவர் குழு அமைப்போம். அதில் நால்வர் நம்மவராக இருப்பார்கள்.

ஜனவரி 27

திருத்தம். கிரேக்கப் பெயர் இருந்ததனாலேயே ஒருவர் கிரேக்கம் பேசும் தரப்பைச் சேர்ந்தவர் என்று முடிவுகட்ட முடியாது என்று எனக்கு எழுதியிருக்கிறார்கள். சரிதான். அந்திரேயா, பிலிப்பு என்ற பெயர்கள் பன்னிருவருக்குள்ளேயே இருக்கின்றன; இருவரும் கலிலேயர். நிக்கொலா மட்டுமே அந்தியோகியாவிலிருந்து வந்து யூத மார்க்கத்தைத் தழுவியவர் என்று வசனம் வெளிப்படையாகச் சொல்கிறது. எனவே "பொறுப்பு முழுவதையும்" என்று நேற்று எழுதியதை, "பெயர்களைப் பார்த்தால் பெரும்பாலும் அந்தத் தரப்பினரிடம் பொறுப்பு சென்றதாகத் தோன்றுகிறது" என்று மாற்றிக்கொள்கிறேன். கமிட்டியைப் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை.

பிப்ரவரி 2

திருவிருந்து ஞாயிறு. நீதியைப் பற்றிய பேச்சு பிரசங்க பீடத்தில் தொடங்குகிறது என்ற எண்ணமே தவறோ என்று இன்று தோன்றியது. பீடத்தில் பேசுவதற்கு வெகு முன்பே மேசையில் எல்லாம் முடிவாகிவிடுகிறது.

கொரிந்து சபையில் சிலர் முந்திச் சாப்பிட்டார்கள். ஒருவன் பசியாயிருந்தான், ஒருவன் குடித்து வெறித்திருந்தான். நீங்கள் கூடுவது கர்த்தருடைய பந்தியே அல்ல என்று பவுல் எழுதிவிட்டார். அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து யூதர் சிலர் வந்ததும் விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாக எதிர்த்துப் பேசினார். இரண்டிலும் உபதேசம் பற்றிய தகராறு எதுவும் வெளியே தெரியவில்லை. யார் யாரோடு சாப்பிடுகிறார்கள் என்பதே தகராறு. அதைச் சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு விரோதமானது என்று பவுல் கணக்கிட்டார்.

இதற்குப் பின்னால் வந்த வரலாறு எனக்கு எப்போதும் நடுக்கம் தருவது. 1857-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் கூடிய டச்சு சீர்திருத்தச் சபையின் மாமன்றம், புறமதத்திலிருந்து வந்த விசுவாசிகளை ஏற்கெனவே உள்ள சபைகளிலேயே சேர்த்துக்கொள்வதுதான் விரும்பத்தக்கது, திருமறைக்கு ஏற்றது என்று முதலில் ஒப்புக்கொண்டது. ஆனால் "சிலருடைய பலவீனத்தை" முன்னிட்டு அது தடைப்படுமானால், அவர்கள் தனிக் கட்டடத்தில் தனியாக ஆராதிக்கலாம் என்று முடித்தது. பலவீனர் என்று அங்கே சொல்லப்பட்டவர்கள், கறுப்பினத்தாரோடு ஒரே மேசையில் பங்குபெற மனமில்லாத வெள்ளையர்கள். சலுகையாகத் தொடங்கியது 1881-இல் தனிச் சபையாயிற்று. 1948-க்குப் பின் நாட்டின் சட்டமே அந்தச் சாயலில் எழுதப்பட்டது. ஒதுக்கிவைக்கப்பட்டவர்களின் அந்தத் தனிச் சபையே 1982-இல், இனப் பிரிவினையை மறுக்கும் பெல்கார் அறிக்கையை வரைந்து, 1986-இல் தன் விசுவாச அறிக்கையாக ஏற்றுக்கொண்டது.

தமிழ்த் திருச்சபைக்கு இதைப் பிறத்தியார் கதை என்று தள்ள உரிமையில்லை. 1706-இல் சீகன்பால்க் வந்திறங்கிய தரங்கம்பாடியிலேயே, ஆலயத்துக்குள் சாதிப்படி பிரிந்து உட்காரும் வழக்கம் தொடக்கத்திலேயே வேரூன்றியது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாகவும் முடிவாகவும் ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியார் உள்ளிட்டோர் எதிர்த்தார்கள். பலர் சபையைவிட்டு விலகினார்கள். வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயத்தில் இரு சாதியாரையும் பிரித்து நின்ற சுவர் இடிக்கப்பட்டது 1910-இல்தான். அதற்காக வழக்குமன்றம் வரைக்கும் போனார்கள். இந்தச் சுவர்களைக் கட்டியவர்கள் யாரும் "நாங்கள் ஆலயத்துக்குள் அரசியல் கொண்டுவருகிறோம்" என்று சொல்லிக் கட்டவில்லை. வழக்கம் என்றார்கள், சமாதானம் என்றார்கள். சுவரை இடிக்க வந்தவனுக்கே அரசியல்வாதி என்ற பெயர் கிடைத்தது.

பிப்ரவரி 3

"நூறாண்டுக்கு முந்திய கதைகள்" என்கிறார் ஒருவர். கல்லறைத் தோட்டத்தில் யார் எந்தப் பக்கம் அடக்கம் செய்யப்படுகிறார்கள் என்று தம் சபையில் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வந்து எழுதட்டும்.

பிப்ரவரி 9

எதிர்த்தரப்பில் நின்று யோசிக்க வேண்டிய முறை. பீடத்திலிருந்து அதிகாரத்தைக் கண்டித்ததற்கு உதாரணமாக எல்லாரும் சொல்வது மிலான் பேராயர் அம்புரோசு. 390-இல் தெசலோனிக்கேயில் மக்கள் கொன்று குவிக்கப்பட்டதற்காக, ரோமப் பேரரசரான மன்னர் தெயோதோசியு மனந்திரும்பும்வரை அவருக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்தார், மன்னரும் பணிந்தார். பேரரசனை ஒரு சபை விசுவாசியாக நடத்திய துணிவு அது. அந்த நிகழ்ச்சியைச் சொல்லியே, பேசாத ஆயர்களை நான் பலமுறை நையாண்டி செய்திருக்கிறேன்.

பிப்ரவரி 10

மேலே உள்ளதை அடிக்காமல் விட்டுவைக்கிறேன். ஆனால் அது பாதிக் கதை. அதே அம்புரோசு, இரண்டு ஆண்டுகளுக்கு முன், 388-இல், அதே மன்னரை வேறொரு காரியத்துக்காகப் பணியவைத்தார். கல்லினிக்கம் என்ற ஊரில் கிறிஸ்தவக் கும்பல் ஒன்று யூதரின் ஜெப ஆலயத்தை எரித்தது. அவ்வூர்ப் பேராயரே அதைத் திரும்பக் கட்டித்தர வேண்டும் என்று தெயோதோசியு ஆணையிட்டார். அம்புரோசு ஆலயத்திலேயே மன்னரை எதிர்த்து நின்று அந்த ஆணையைத் திரும்பப் பெறச் செய்தார். அந்த வழக்கில் நீதியின் பக்கம் நின்றவர் மன்னர்; அநீதிக்காக வாதாடியது பீடம்.

ஆகவே "ஆயர் துணிந்து பேசினார்" என்பது மட்டும் ஒருவரைத் தீர்க்கதரிசியாக்கிவிடாது. அவர் பேசியதனால் யாருக்கு என்ன கிடைத்தது, தம் கூட்டத்தாருக்காகப் பேசினாரா, கூட்டத்துக்கு வெளியே நின்ற எரிந்த வீட்டுக்காரருக்காகப் பேசினாரா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. கேள்வி கேட்டவரின் அச்சத்துக்கு இதில் இடமிருக்கிறது. முதலிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

தேர்தல் நேரத்தில் இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று பீடத்திலிருந்து சொல்வதையும் இதே காரணத்தால் நான் ஏற்பதில்லை. அப்படிச் சொன்னவரை வெற்றிபெற்ற வேட்பாளர் மாலையோடு வந்து பார்ப்பார். அதற்குப் பிறகு அவரைக் கண்டித்து ஒரு சொல் வருமா?

பிப்ரவரி 16

சென்ற குறிப்பில், தவறைப் பெயர் சொல்லிக் கண்டிக்கலாம், வாக்கைப் பெயர் சொல்லிக் கேட்கக் கூடாது என்று ஒரு கோடு போட்டேன். ஒரு வாரமாக அந்தக் கோடு நிற்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அமைதியான காலத்தில் நிற்கும். ஜெர்மனியில் 1934 மே இறுதியில் பார்மன் நகரில் கூடியவர்கள், கிறிஸ்துவைத் தவிர வேறொரு தலைவனுக்குச் சபை கீழ்ப்படிய வேண்டுமென்ற போதனையை ஆறு கூறுகளாக மறுத்தார்கள். ஒரு கட்சியின் பெயரும் அதில் இல்லை. ஆனால் யாரைச் சொல்கிறார்கள் என்பது வாசித்த அனைவருக்கும் தெரிந்திருந்தது.

இதிலும் ஒரு பாதிக் கதை இருக்கிறது. அந்த அறிக்கை சபையின் சுதந்தரத்தைக் காத்தது. துன்புறுத்தப்பட்டுக்கொண்டிருந்த யூதர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அதை வரைவதில் முதன்மைப் பங்கு வகித்த கார்ல் பார்த்தே பின்னாளில் அதைத் தம் தவறாக ஒப்புக்கொண்டார். சபை தன் உரிமைக்காகப் பேசும்போது குரல் எவ்வளவு தெளிவாக வருகிறது பாருங்கள். நம் பள்ளி மானியம், நம் ஆலய நிலம், நம் வரிவிலக்கு என்றால் நாம் கூட ஊர்வலம் போகிறோம்.

1985 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவில் வெளிவந்த கைரோஸ் ஆவணம் சபைகளின் பேச்சை மூன்றாகப் பிரித்தது: அரசுக்கு ஆமாம் போடும் இறையியல், சபை இறையியல், தீர்க்கதரிசன இறையியல். அதில் நடுவில் உள்ளதுதான் என்னைச் சுடுகிறது. அநீதி நீங்குவதற்கு முன்பே ஒப்புரவாகுங்கள் என்று இரு தரப்பாருக்கும் சமமாக உபதேசிக்கும் பேச்சு அது. "வாடுவோர்" என்று எழுதியவனுக்கு அந்தப் பகுதியை வாசிப்பது எளிதாக இல்லை.

மார்ச் 2

எங்கள் சபைக் கமிட்டியில் நேற்று நடந்ததை எழுதுகிறேன். பெரிய நிகழ்ச்சி எதுவுமில்லை.

ஆண்டுக் கணக்கு வாசிக்கப்பட்டது. நான் ஒன்பது ஆண்டுகளாக அந்தக் கணக்கில் கையெழுத்திட்டிருக்கிறேன். இந்த முறை, இந்த இழையில் இவ்வளவு எழுதிவிட்டதன் கூச்சத்தினாலோ என்னவோ, ஒவ்வொரு தலைப்பாகப் பார்த்தேன். கோயில்பிள்ளையின் மாதப்பணம் எங்கே இருக்கிறது என்று தேடினால், "ஊழியர் ஊதியம்" என்ற தலைப்பில் இல்லை. அங்கே ஆயர், உபதேசியார், அலுவலக எழுத்தர் மட்டும் இருந்தார்கள். கோயில்பிள்ளை "ஆலயப் பராமரிப்பு" என்ற தலைப்பில், துடைப்பம், மெழுகுவர்த்தி, மின்விசிறிப் பழுது ஆகியவற்றுக்கு நடுவே இருந்தார். பராமரிப்புச் செலவுக்கு ஆண்டுதோறும் உயர்வு கிடையாது. குறைக்கப் பார்ப்பதுதான் வழக்கம். அவர் மணி அடித்து, கதவு திறந்து, கல்லறை தோண்டுவதற்கு ஆள் கூப்பிட்டு, கடைசியாக விளக்கணைத்துவிட்டுப் போகிறவர். ஊதியம் என்ற தலைப்பில் இல்லாததால் வருங்கால வைப்பு நிதியும் அவருக்கு இல்லை.

இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. எப்போதோ ஒரு பொருளாளர் வசதிக்காக அப்படி எழுதினார்; பின்வந்தவர்கள் பார்த்து எழுதினார்கள்; நான் கையெழுத்திட்டேன். யாக்கோபு நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று வரும் பகுதியை, அந்த ஒன்பது ஆண்டுகளில் குறைந்தது மூன்று முறையாவது ஆராதனையில் நானே வாசித்திருக்கிறேன், நல்ல உச்சரிப்போடு.

நான் எழுந்து நீளமாகப் பேசினேன். ஆமோஸ், பெல்கார், 1857 எல்லாம் வந்தன. முகங்கள் இறுகிக்கொண்டே போனதை நான் கவனிக்கவில்லை. முடிந்ததும் பெண்கள் ஐக்கியச் செயலாளர், "அந்தத் தொகையை மேலே இருக்கிற தலைப்புக்கு மாற்றி எழுத என்ன செய்யணும்?" என்று பொருளாளரைக் கேட்டார். ஒரு தீர்மானம் போதும் என்றார் அவர். தீர்மானம் ஐந்து நிமிடத்தில் நிறைவேறியது. வைப்பு நிதிக்கான பங்களிப்பை எந்த மாதத்திலிருந்து தொடங்குவது என்பதில் மட்டும் இழுபறி. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்பட்டது.

மார்ச் 3

1857-ஐக் கமிட்டியில் இழுத்திருக்க வேண்டாம் என்று வீட்டிலும் சொன்னார்கள்.

மார்ச் 23

நாளை பேராயர் ஒஸ்கார் ரொமேரோ கொல்லப்பட்ட நாள். 1980 மார்ச் 23 ஞாயிறு மறையுரையில், எல் சால்வதோர் படைவீரர்களை நோக்கி, சொந்த மக்களைக் கொல்லும் கட்டளைக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை, இந்த ஒடுக்குமுறையை நிறுத்துங்கள் என்று நேரடியாகச் சொன்னார். மறுநாள் மாலை, மருத்துவமனைச் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றும்போது சுட்டுக் கொன்றார்கள். 2018 அக்டோபரில் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

பேராயராக அவர் நியமிக்கப்பட்ட 1977-இல், தொந்தரவு தராத பழமைவாதி என்றே அவரை வசதியுள்ளவர்கள் வரவேற்றார்கள். சில வாரங்களில் அவருடைய நண்பரான குரு ருத்தீலியோ கிராந்தே, உடனிருந்த ஒரு முதியவரோடும் ஒரு சிறுவனோடும் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த உடல்களைப் பார்த்த பிறகு அவர் பழையபடி பேசவில்லை. ஜனவரியில் கைகொடுக்காமல் போன இரண்டு குடும்பங்களைப் பற்றி நினைக்கும்போது இது நினைவுக்கு வருகிறது: அவர்கள் இன்று நிற்கும் இடத்தில் ரொமேரோவும் வெகுகாலம் நின்றிருக்கிறார். கேள்வி கேட்டவர் நேற்று எழுதியதன்படி, ஒரு குடும்பம் திரும்பி வந்துவிட்டது. மற்றது வேறு சபையில் சேர்ந்துவிட்டது. அங்கே பிரசங்கம் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறதாம். அந்தக் காரணத்துக்காகப் போயிருந்தால் அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏப்ரல் 6

வைப்பு நிதி இந்த மாதத்திலிருந்து என்று முடிவாயிற்று. கடந்த ஆண்டுகளுக்கான பாக்கி பற்றிக் கேட்டேன். நிதி இல்லை என்றார்கள். கூரைக்கு இருந்தது. அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.

மன்றாட்டுத் தொகுக்கும் வேலை இப்போது முறைவைத்துச் சுற்றிவருகிறது. இந்த வாரம் கோயில்பிள்ளையின் முறை. அவர் எழுதிய தாளை வாசிப்பவரிடம் கொடுக்கும்படி என்னிடம் தந்தார். அதில் பழைய நானாக இருந்தால் எடுத்திருக்கக்கூடிய வரி ஒன்று இருந்தது, எடுக்கவில்லை. எழுத்துப்பிழை என்று தோன்றிய மூன்று இடங்களை மட்டும் பென்சிலால் திருத்தி அவரிடமே காட்டினேன். இரண்டை ஏற்றுக்கொண்டார். மூன்றாவது பிழை இல்லை என்றார். வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. பென்சில் என்பதால் அழித்துக்கொடுக்க முடிந்தது.